கேனா, குழாயா என்பது இரண்டாவது கேள்வி

போன சித்திரையில் உச்சிப்புளியிலிருந்து மதினி போன் செய்தார். சின்னவனுக்கு நாலு நாளாக வயிற்றுப்போக்கு. "டாக்டரு கேன் தண்ணி மட்டும் குடுங்கன்னு சொன்னாரு தம்பி. அதைத்தான் குடுக்குறோம். இன்னும் நின்னபாடில்ல. கேன்காரன் ஏமாத்துறானா?"

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். கேனில் குறை ஒன்றும் தெரியவில்லை. வாயில் சுற்றியிருந்த சீல் பிரிந்து பக்கத்திலேயே கிடந்தது. அதில் தேதி இருந்தது, உரிம எண்ணும் இருந்தது. ஆனால் தண்ணீர் கேனில் இல்லை. வெயில் காலமாயிற்றே, குளிரட்டும் என்று மண்பானையில் ஊற்றியிருந்தார்கள். பானைமேல் ஒரு தட்டு, தட்டின்மேல் ஒரு செம்பு. பிள்ளைகள் மண்ணில் விளையாடிவிட்டு வந்த கையோடு செம்பைப் பானைக்குள் மணிக்கட்டு முங்க விட்டு மொண்டு குடித்தார்கள். அரை மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்ததில் பானைக்குள் போன ஐந்து கைகளை எண்ணினேன். ஐந்தாவது என் கை.

கேன் தண்ணி நல்லதா, குழாய்த் தண்ணி நல்லதா என்று கேட்காத வீடு நம் ராமநாதபுரம் கடற்கரையில் கிடையாது. தொண்டியில் ஆரம்பித்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரைக்கும் இதே பேச்சுதான். ஆனால் இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியாது. மாத்திரை நல்லதா, ஊசி நல்லதா என்று ஒருவர் கேட்டால், உனக்கு என்ன செய்கிறது என்றுதானே முதலில் கேட்போம்?

தண்ணீரில் நமக்கு ஆகாத சங்கதி இரண்டு வகை. ஒன்று, கரைந்திருப்பது. சோற்றுப்பு, சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம், சில ஊர்களில் ஃபுளோரைடு, நைட்ரேட். இன்னொன்று, உயிருள்ளது. பாக்டீரியா, வைரஸ், அமீபா மாதிரியானவை. முதலாவதை உப்பு என்றும் இரண்டாவதைக் கிருமி என்றும் வைத்துக்கொள்வோம். உப்புக்கு வைத்தியம் வேறு, கிருமிக்கு வைத்தியம் வேறு. காய்ச்சினால் கிருமி சாகும். உப்பு போகாது, தண்ணீர் ஆவியாகிச் சுண்டுவதால் துளி கூடத்தான் செய்யும். குளோரின் போட்டாலும் அப்படியே. உப்பைத் தொடாது. நாக்கு உப்பைக் கண்டுபிடித்துவிடும்; கிருமியை அதனால் கண்டுபிடிக்கவே முடியாது. தேனாக இனிக்கிற கிணற்றுத் தண்ணீர் மொத்தக் குடும்பத்தையும் ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கலாம். சவர்த் தண்ணீர் வாயில் வைக்க முடியாததாக இருந்தும் கிருமி ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். மதினி வீட்டில் நடந்தது இந்தக் குழப்பம்தான். உப்பும் கிருமியும் இல்லாத தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கி, கிருமியை நாமே கையால் சேர்த்துக்கொண்டோம்.

சிரட்டையும் மோட்டாரும்

உப்பிலிருந்து ஆரம்பிக்கலாம். நம் பக்கத்துக் கதையே அதுதான்.

தனுஷ்கோடி போனவர்கள் பார்த்திருப்பீர்கள். இந்தப் பக்கமும் கடல், அந்தப் பக்கமும் கடல், நடுவே ஒரு கீற்று மணல். அந்த மணலில் பெண்கள் மூன்று நான்கு அடிக்குக் குழி தோண்டி, ஊறி வருகிற தண்ணீரைச் சிரட்டையால் கோரிக் கோரிக் குடத்தில் ஊற்றுவார்கள். குடித்துப் பார்த்தால் நல்ல தண்ணீர். ராமேசுவரம் கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களும் அக்னி தீர்த்தக் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கின்றன. தங்கச்சிமடத்து வில்லூண்டி தீர்த்தம் கடலுக்குள்ளேயே இருக்கிறது, தண்ணீர் கரிப்பதில்லை. பக்தியோடு பார்ப்பவர்களுக்கு இது அற்புதம். நிலத்தடி நீர்க் கணக்கோடு பார்த்தாலும் அற்புதம்தான்.

ஒரு லிட்டர் மழைத் தண்ணீரின் எடை 1,000 கிராம் என்றால், ஒரு லிட்டர் கடல்நீர் சுமார் 1,025 கிராம் இருக்கும். மணலில் இறங்கிய மழைத் தண்ணீர், கீழே ஏற்கெனவே நிற்கும் கடல்நீரின்மேல், குழம்பில் எண்ணெய் மிதப்பதுபோல மிதக்கிறது. மணல் இடையில் இருப்பதால் இரண்டும் லேசில் கலப்பதில்லை. எவ்வளவு ஆழத்துக்கு மிதக்கும்? 1,000-ஐ 25-ஆல் வகுத்தால் 40. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயரத்துக்கு நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். கைபென், ஹெர்ஸ்பெர்க் என்ற இரண்டு பேர் நூறு வருடத்துக்கு முன்பே தனித்தனியாகக் கண்டு சொன்ன கணக்கு இது.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே ஓர் அடி இறங்கினால், கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். சிரட்டையால் கோருகிறவரை மிதக்கும் அந்தத் தண்ணீர்ப் படலத்துக்கு வலிப்பதேயில்லை; எடுத்த அளவு மணலிலிருந்து ஊறி வந்துவிடும். ஆழ போர் போட்டு மோட்டார் வைத்து உறிஞ்சும்போது, குழாயின் வாய்க்கு நேர் கீழே கடல்நீர் கூம்புபோல எழும்பி வருகிறது. "போர் போட்ட வருசம் தேங்காத்தண்ணி மாதிரி இருந்துச்சு, மூணாம் வருசம் சவராப் போச்சு" என்று கடற்கரை ஊர்களில் சொல்வதற்குக் காரணம் இதுதான். போர் போட்டவரைத் திட்டிப் பிரயோசனமில்லை. இன்னும் ஆழமாகப் போட்டால் நல்ல தண்ணீர் வரும் என்று நினைத்துப் போடுவதுதான் பெரிய தப்பு. ஆழம் கூடக் கூட உப்பை நோக்கித்தான் போகிறோம்.

இன்னொன்று, நமக்கு மழை வருடம் முழுக்கப் பெய்வதில்லை. சராசரியாக 800 மில்லிமீட்டர் சொச்சம். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். ஆகையால் ஒரே கிணற்றுக்கு இரண்டு ருசி உண்டு, மார்கழியில் ஒன்று, வைகாசியில் ஒன்று. மார்கழியில் அளந்து பார்த்துவிட்டு எங்கள் கிணறு சுத்தம் என்று சொல்லித் திரிபவர்களை நம்ப வேண்டாம்.

அந்த டி.டி.எஸ். எண்

கரைந்திருப்பதையெல்லாம் மொத்தமாக ஒரே எண்ணில் சொல்வதுதான் டி.டி.எஸ். ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. கடல்நீருக்கு ஏறக்குறைய 35,000. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் 500 வரை நல்லது என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 2,000 வரை போகலாம் என்கிறது. இந்த இரண்டு எண்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

பேனா போன்ற சின்ன மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நான் ஒன்று வாங்கி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகிற வீடெல்லாம் முக்கிப் பார்த்தேன். எங்கள் தெருவுக்கு வரும் காவிரித் தண்ணீர் 410 காட்டியது. பக்கத்து வீட்டு போர் 2,900. மழை முடிந்த கையோடு ஊரணித் தண்ணீர் 180. கடையில் வாங்கிய கேன் 62. கேனிலும் பாட்டிலிலும் அடைத்து விற்கும் பாக்கெட் குடிநீருக்கு 75-க்குக் குறையக் கூடாது, 500-க்கு மேல் போகக் கூடாது என்று விதி. ஆக என் கேன்காரர் சுத்தம் செய்வதில் விதியையே மிஞ்சிவிட்டார்.

ஒரு எச்சரிக்கை. இந்த மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை மட்டும் அளந்து, அதிலிருந்து உப்பைக் கணக்குப் போடுகிறது. கிருமியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. மாடு குளித்த ஊரணியும் 180 காட்டும். குறைந்த எண்ணைப் பார்த்து "நல்ல தண்ணி" என்று சான்றிதழ் கொடுத்துவிடக் கூடாது.

மீட்டர் இல்லாத காலத்தில் நம் அப்பத்தாக்கள் துவரம்பருப்பை வைத்தே கண்டுபிடித்தார்கள். சுண்ணாம்பும் மக்னீசியமும் கூடுதலாக உள்ள தண்ணீரில் பருப்பு எவ்வளவு நேரம் அடுப்பில் கிடந்தாலும் முழிச்சுக்கொண்டேதான் இருக்கும், குழையாது. சோப்பு நுரைக்காது. பானையின் உள்பக்கம் வெள்ளையாகப் பொரிந்து நிற்கும். நம் பக்கத்தில் இன்றைக்கும் பல வீடுகளில் குளிக்க போர் தண்ணீர், உலை வைக்க காவிரித் தண்ணீர் என்று பிரித்துத்தான் புழங்குகிறார்கள். நாலு சக்கரத் தள்ளுவண்டியில் வரிசையாகப் பிளாஸ்டிக் குடம் அடுக்கிக்கொண்டு பெண்கள் தார் ரோட்டில் தள்ளிப் போகிறார்களே, அது இந்தப் பிரிவினைக்கான கூலி.

நம் குழாயில் எந்தத் தண்ணீர்?

குழாய்த் தண்ணீர் என்று பொதுவாகப் பேசுவதில் அர்த்தமில்லை. குழாய்க்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று பார்க்க வேண்டும். சில ஊர்களுக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் திருச்சிப் பக்கத்துக் காவிரித் தண்ணீர் 150 கிலோமீட்டருக்கும் மேல் குழாயிலேயே பயணம் செய்து வருகிறது. சில ஊர்களில் பஞ்சாயத்து போர் தண்ணீரைத் தொட்டியில் ஏற்றி விடுகிறார்கள். பல இடங்களில் இரண்டையும் ஒரே தொட்டியில் கலந்து விடுவதும் உண்டு. சாயல்குடிப் பக்கம் நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைத் தொண்ணூறுகளின் கடைசியிலேயே கட்டினார்கள்; நாளொன்றுக்கு 38 லட்சம் லிட்டர் என்ற திட்டம். இந்தப் பகுதியின் தாகம் அவ்வளவு பழையது.

உங்கள் தெருவுக்கு வருவது எது என்று தெரிந்துகொள்ள எளிய வழி, தொட்டி ஆபரேட்டரிடம் கேட்பதுதான். எந்த நாளில் காவிரி, எந்த நாளில் போர் என்று அவருக்கு மனப்பாடமாக இருக்கும். தொட்டியை எப்போது கழுவினார்கள் என்றும் கேட்டுவிடுங்கள். பல ஊர்களில் அந்தத் தேதியைத் தொட்டியின் மேலேயே எழுதி வைத்திருப்பார்கள். எழுதியிருப்பது போன வருடத் தேதி என்றால் கிராம சபையில் எழுந்து கேட்க அதுவே போதும்.

சரி, காவிரித் தண்ணீர் வருகிறது, உப்புப் பிரச்சினை இல்லை. அப்புறம் என்ன? அப்புறம்தான் கிருமி.

சுத்திகரித்து அனுப்பும்போது தண்ணீரில் குளோரின் கலக்கிறார்கள். அது அங்கேயே கிருமியைக் கொன்றுவிட்டு ஓய்ந்துவிடக் கூடாது. வீட்டுக் குழாய் வரைக்கும் காவலுக்குக் கூடவே வர வேண்டும். நம் குழாயில் விழும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. "ஒரே பிளீச்சிங் வாடை" என்று முகம் சுளிக்கிறோம். உண்மையில் அந்த லேசான வாடை, காவல்காரன் இன்னும் முழித்திருக்கிறான் என்பதற்கு அடையாளம். பிடிக்கவில்லை என்றால் அகலமான பாத்திரத்தில் அரை மணி நேரம் திறந்து வையுங்கள், பெரும்பாலும் போய்விடும். வாடையே இல்லாத குழாய்த் தண்ணீரைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

பெரிய தொல்லை, தண்ணீர் தினமும் வராதது. நாலு நாளைக்கு ஒருதரம், ஒரு மணி நேரம் திறந்துவிட்டு மூடினால், குழாய் காலியாகும்போது உள்ளே உறிஞ்சும் இழுப்பு உண்டாகிறது. எங்கேயாவது ஒரு மூட்டு கசிந்து, அதன்மேல் சாக்கடை ஓடினால், அந்தச் சாக்கடையை குழாய் குடிக்கும். போதாக்குறைக்கு வீட்டுக்கு வீடு குழாயிலேயே மோட்டாரைப் பொருத்தி இழுக்கிறோம். அண்டை வீட்டுக்குத் தண்ணீர் குறைகிறது என்பது மட்டுமில்லை, தெருச் சாக்கடையையும் சேர்த்தே இழுக்கிறோம். ஆகவே தண்ணீர் திறந்ததும் முதலில் வருவதைப் பிடித்து வாசல் தெளிக்கவோ செடிக்கோ ஊற்றிவிட்டு, நிறம் தெளிந்து வருவதைக் குடிக்கப் பிடிக்க வேண்டும்.

அதைக் காய்ச்சிக் குடித்தால் குடிநீர் விஷயம் முடிந்தது. ஓரத்தில் முத்து முத்தாக வருவது கொதியல்ல. தளதளவென்று புரண்டு கொதி வந்தபின் ஒரு நிமிடம். அவ்வளவே போதும், கால் மணி நேரம் காய்ச்சி கேஸைத் தீர்க்க வேண்டியதில்லை. ஊரணித் தண்ணீர் கலங்கலாக இருந்தால் முதலில் துணியில் வடிகட்டி, தேத்தாங்கொட்டையைப் பானையின் உள்பக்கம் உரசித் தெளிய வையுங்கள். அருமையாகத் தெளியும். ஆனால் தெளிந்தது வேறு, கிருமி செத்தது வேறு. அதன் பிறகும் காய்ச்சத்தான் வேண்டும்.

கேனுக்குள் என்ன நடக்கிறது

பாட்டில், கேன் என்றதும் ஏதோ மலையூற்று என்று நினைப்பு. கடையில் எல்லோரும் மினரல் வாட்டர் என்றுதான் கேட்கிறோம். உண்மையான இயற்கை மினரல் வாட்டருக்குத் தனித் தரமே உண்டு. அது நம் பெட்டிக்கடையில் கிடைப்பதல்ல. நாம் வாங்குவது 'பாக்கெட் செய்யப்பட்ட குடிநீர்'. அதாவது ஏதோ ஒரு போர் தண்ணீர் அல்லது குழாய்த் தண்ணீர். மணல் வடிகட்டி, கரி வடிகட்டி, ஆர்.ஓ. சவ்வு, புற ஊதா விளக்கு, ஓசோன் என்று வரிசையாக ஏற்றி அடைக்கிறார்கள். ஆர்.ஓ. என்பது தண்ணீரை அழுத்தம் கொடுத்து மெல்லிய சவ்வின் வழியே தள்ளுவது. தண்ணீர் அந்தப் பக்கம் போகும், உப்பில் பெரும்பங்கு இந்தப் பக்கம் நின்றுவிடும். இந்த ஒரு காரியத்தைக் காய்ச்சுவதும் செய்யாது, குளோரினும் செய்யாது. உப்புக்கு ஆர்.ஓ.தான் வைத்தியம். அந்த மட்டில் கேன் நம் கடற்கரைக்கு வந்த புண்ணியம்தான், மறுக்க மாட்டேன்.

ஆனால் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஓசோன் கிருமியைக் கொன்றுவிட்டுச் சீக்கிரமே மறைந்துவிடும். கேனைத் திறந்த பிறகு அந்தத் தண்ணீருக்குக் காவல் கிடையாது. குழாய்த் தண்ணீர் கொஞ்சம் குளோரினைக் கையில் பிடித்துக்கொண்டாவது வருகிறது. கேன் தண்ணீர் வெறுங்கையோடு வருகிறது. திறந்த கேனை ஒரு வாரம் வைத்துக் குடிப்பதும், கேனைக் கவிழ்க்கும் டிஸ்பென்சரை வாங்கிய நாள் முதல் கழுவாமல் வைத்திருப்பதும் இதனால்தான் வினை. டிஸ்பென்சர் குழாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். வழுவழு என்றிருந்தால் அது கிருமி குடியேறி வீடு கட்டிவிட்ட பாசி.

கேன் திரும்பத் திரும்பச் சுற்றி வரும் பாத்திரம் என்பதும் நினைவிருக்கட்டும். போன வாரம் அது விசைப்படகில் டீசல் பேரலுக்குப் பக்கத்தில் கடலுக்குப் போயிருக்கலாம். கழுவி நிரப்புவது நிரப்புகிறவரின் நேர்மையைப் பொறுத்தது. வாங்கும்போது கேனின் வாயில் மூக்கை வைத்து ஒரு தடவை மோந்து பார்ப்பதில் வெட்கமில்லை. பச்சை படர்ந்த கேன், கீறல் விழுந்து வெளுத்த கேன், கடை வாசலில் நாள் முழுக்க வெயிலில் அடுக்கிய கேன், எதையும் வாங்காதீர்கள். சீலில் தயாரித்த தேதியும், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்கிற உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொடுக்கும் உரிமத்தின் 14 இலக்க எண்ணும் இருக்க வேண்டும். முன்பெல்லாம் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், 2024 அக்டோபரில் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக அதே ஆண்டின் கடைசியில் பாக்கெட் குடிநீரை, கூடுதல் கண்காணிப்பு தேவைப்படும் ஆபத்தான உணவு வகையில் சேர்த்தார்கள். ஆகையால் இப்போது ஐ.எஸ்.ஐ. இல்லாத கேன் எல்லாம் போலி என்று சொல்ல முடியாது. உரிம எண்ணே இல்லாத வெற்று சீல் என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இதற்கிடையில் வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. மெஷின் விற்க ஆள் வருகிறார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒருவர் வந்தார். இரண்டு டம்ளர், ஒன்றில் எங்கள் காவிரித் தண்ணீர், மற்றதில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கருவியை இரண்டிலும் முக்கி, பிளக்கைச் சொருகினார். இரண்டே நிமிடத்தில் எங்கள் டம்ளர் சாக்கடை நிறத்துக்கு மாறி, செம்மண் திப்பியாக மிதந்தது. அவருடைய டம்ளர் பளிங்கு. "இதைத்தாம்மா இவ்வளவு நாளா குடிச்சிருக்கீங்க" என்றார். அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது.

நான் அடுப்படியிலிருந்து ஒரு சிட்டிகை உப்பு எடுத்து வந்து அவருடைய டம்ளரில் போட்டு, இப்போது கருவியை வைக்கச் சொன்னேன். தயங்கினார், அப்புறம் வைத்தார். அதுவும் செம்மண் ஆயிற்று. சங்கதி இவ்வளவுதான். அந்தக் கம்பிகளில் ஒன்று இரும்பு. உப்பு உள்ள தண்ணீரில் மின்சாரம் பாயும், இரும்பு கரைந்து துருவாக வரும். நாம் பார்த்த அழுக்கு முழுக்க அவர் கம்பியின் துரு. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு இல்லை, மின்சாரம் பாயவில்லை, துரு வரவில்லை. நல்ல மனிதர், காபி குடித்துவிட்டுத்தான் போனார்.

மெஷினே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் தண்ணீருக்கு மூன்று லிட்டர் வரைகூடக் கழிவாக வெளியே தள்ளும். 410 காட்டும் காவிரித் தண்ணீரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து, அதில் முக்கால்வாசியைச் சாக்கடையில் விடுவதற்கு மனம் வர வேண்டுமே! 500-க்குக் கீழே டி.டி.எஸ். உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் சொன்னதும் இதற்காகத்தான்.

அப்போ எங்கள் வீட்டுக்கு எது?

காவிரி வரும் வீடு, மீட்டர் 500-க்குள் நிற்கிறது என்றால் கேனும் வேண்டாம், ஆர்.ஓ.வும் வேண்டாம். காய்ச்சுங்கள், மூடி வையுங்கள். எங்கள் வீட்டில் இதுதான். தண்ணீர் வராத வாரத்துக்கு மட்டும் ஒரு கேன்.

போர் தண்ணீர் மட்டும்தான், மீட்டர் 2,000-ஐத் தாண்டுகிறது என்றால் காய்ச்சிக் குடித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே உப்பை எடுத்தே ஆக வேண்டும். பஞ்சாயத்தில் காசு போட்டுப் பிடிக்கும் ஆர்.ஓ. நிலையம் ஓடினால் அதுவே மலிவு. இல்லையென்றால் கேன், அல்லது சொந்த மெஷின். கழிவுத் தண்ணீரைத் தரை துடைக்க, கக்கூஸ் கழுவ வைத்துக்கொள்ளலாம். செடிக்கு ஊற்றினால் மண் உப்பேறிவிடும்.

இரண்டுக்கும் நடுவில், 800, 1,200 என்று நிற்கிற வீடுகள்தான் அதிகம். இங்கே கறாராகச் சொல்ல எனக்கு மனமில்லை. குடிக்கவும் உலைக்கும் மட்டும் காவிரித் தண்ணீரோ கேனோ பிடித்துக்கொண்டு, மற்றதற்கெல்லாம் போர் என்பது பெரியவர்கள் செய்துவந்த வழி; அதில் தப்பில்லை. வீட்டில் ரத்தக் கொதிப்போ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர் இருந்தால் இந்த எண்ணை டாக்டரிடம் சொல்லிக் கேட்டுவிடுங்கள். புட்டிப்பால் கரைக்கிற கைக்குழந்தை இருந்தால், உப்புக் குறைந்த தண்ணீராகவும் இருக்க வேண்டும், அதையும் காய்ச்சி ஆற வைத்திருக்கவும் வேண்டும். கேன் தண்ணீர்தானே என்று அப்படியே கரைக்கக் கூடாது.

காசுக் கணக்கையும் பார்த்துவிடலாம். ஐந்து பேர் குடும்பத்தில் குடிக்க, சமைக்க நாளைக்கு ஒரு கேன் ஆகும். எங்கள் பக்கம் ஒரு கேன் 35 ரூபாய். மாதம் 1,050, வருடம் 12,600 ரூபாய். அதே 20 லிட்டரை ஒரு லிட்டர் பாட்டிலாக, பாட்டில் 20 ரூபாய் என்று வாங்கினால் ஒரு நாளைக்கே 400. ராமேசுவரத்துக்கு வருகிற யாத்திரீகர்கள் அதைத்தான் செய்கிறார்கள், அவர்களுக்கு வேறு வழியும் இல்லை. காலி பாட்டில்கள் கடைசியில் எங்கே போகின்றன என்று வலை இழுக்கிறவர்களைக் கேளுங்கள். 21 தீவுகளோடு கூடிய மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா நம் வாசலில்தான் இருக்கிறது. சின்ன பிளாஸ்டிக் உறையில் விற்ற தண்ணீர் பாக்கெட்டுக்கு 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை. பாட்டில் மட்டும் தப்பித்துக்கொண்டது.

பாட்டிலைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே விற்கும் பாட்டில் தண்ணீரைச் சோதித்து, லிட்டருக்குச் சராசரியாக 2,40,000 பிளாஸ்டிக் துணுக்குகள் இருப்பதாக 2024 தொடக்கத்தில் சொன்னார்கள். பெரும்பாலானவை கண்ணுக்கே தெரியாத நானோ அளவு. அவை உடம்புக்குள் என்ன செய்கின்றன என்பது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, ஆகையால் இதை வைத்து யாரையும் பயமுறுத்த நான் தயாரில்லை. வெயிலில் நின்ற காருக்குள் கிடந்த பாட்டிலை மட்டும் குடிக்க மாட்டேன்.

மதினி வீட்டுப் பானைக்கு வருகிறேன். பானையைச் சுட வைத்த தண்ணீரால் கழுவிக் காய வைத்து, அடியில் குழாய் வைத்த எவர்சில்வர் டிரம் ஒன்றை வாங்கி வைத்தோம். மண்பானைதான் வேண்டும் என்றால் நீளக் காம்பு அகப்பை ஒன்றை ஆணியில் தொங்க விடுங்கள். கை உள்ளே போகக் கூடாது, அதுதான் முக்கியம். எந்தப் பாத்திரமானாலும் வாரம் ஒருமுறை முழுதாகக் கவிழ்த்துத் தேய்த்துக் காய வைக்க வேண்டும். மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் டெங்குக் கொசு அந்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

கடைசியாக, சந்தேகமாக இருந்தால் சோதிக்கக் கொடுக்கலாம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு ஆய்வகங்கள் உண்டு. ஊராட்சியிலும் களப் பரிசோதனைப் பெட்டி வைத்திருப்பார்கள். அதில் ஒரு சின்னக் குப்பியில் தண்ணீரை ஊற்றி ஓரிரு நாள் வைத்தால், மலக்கிருமி கலந்த தண்ணீர் கறுத்துவிடும். ஆய்வகத்துக்குக் கொடுப்பதென்றால் உப்புக்கு ஒரு மாதிரி, கிருமிக்கு ஒரு மாதிரி, தனித்தனியாக. கிருமி மாதிரிக்கு வீட்டுப் பாட்டில் ஆகாது, கிருமி நீக்கிய பாட்டிலை அவர்களிடமே கேட்டு வாங்குங்கள். பிடித்ததும் ஐஸில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஐஸுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. மீன் பெட்டிக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள். தனிப் பையில் கட்டி வையுங்கள்.